மேடையில் புகழ் பெற்ற ஈரல்

ஓர் உடம்பில் ஒரு கல்லீரல் இருந்தாள். உடம்பு கோவில்பட்டியில் இருந்தது. மெயின் ரோட்டில் மோட்டார் பம்புக்கு உதிரிச் சாமான் விற்கும் பரஞ்சோதியின் உடம்பு அது.

உள்ளே அது ஒரு பெரிய கூட்டுக் குடும்பம். கல்லீரல்தான் மூத்த மருமகள். எல்லாரும் அவளை மதினி என்பார்கள். வலது விலாவுக்கு அடியில் அவள் வீடு. இரைப்பையும் குடலும் அரைத்து அனுப்புகிற சரக்கில் பெரும்பங்கு முதலில் அவள் வாசலில்தான் வந்து இறங்கும். அவள் பிரிப்பாள், நஞ்சைக் கழிப்பாள், இன்றைக்கு வேண்டியதை அனுப்புவாள், மிச்சத்தை நாளைக்கு ஆகும் என்று எடுத்து வைப்பாள். முடியாது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வழியும் கிடையாது. மற்றவர்கள் வீட்டில் வலி என்று ஒரு மணி தொங்கும். பல்லோ முதுகோ அதைப் பிடித்து இழுத்தால் குடும்பமே எழுந்து உட்காரும். மதினி வீட்டுக்குள் அந்த மணியைக் கட்ட யாரோ மறந்துபோனார்கள்.

கடைக்குட்டிக் கொழுந்தன் நாக்கு. ருசிப்பதும் அவன் வேலை, பேசுவதும் அவன் வேலை. ரெண்டிலும் அவன் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை.

பரஞ்சோதி ஊர் மதுவிலக்கு மன்றத்தின் பேச்சாளர். அவருடைய அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தவர். அந்தக் கோபத்தில் மகன் ஒரு சொட்டு தொட்டதில்லை. எந்தத் தெருமுனையில் மைக் கட்டினாலும் வந்துவிடுவார். கடைசியில் தன் வலது விலாவைத் தட்டிக் காட்டுவார். நாக்கு அப்போது நெஞ்சை நிமிர்த்திக்கொள்வான், அவனுக்கு நெஞ்சு இல்லை என்பது வேறு விஷயம்.

"என் ஈரலைத் தட்டிப் பாருங்க. வெண்கலப் பானை மாதிரி கணீர்னு கேக்கும்."

கைதட்டல் எழும். மதினிக்கு உள்ளே வெட்கம் பிடுங்கித் தின்னும். இருந்தாலும் பெருமைதான். இத்தனை உறுப்பு இருக்கிற குடும்பத்தில் மைக்கில் பேர் சொல்லப்படுவது அவள் ஒருத்திதான். இதயத்துக்குக்கூட அந்தக் கொடுப்பினை இல்லை.

கூட்டம் முடிந்ததும் தட்டு வரும். கேசரி, உளுந்த வடை, கலர் பாட்டில். அது மன்றத்தின் வழக்கம். குடிகாரர்களுக்கு அவர்களுடைய கடை இருக்கிறது, நமக்கு இதாவது இருக்கட்டுமே என்று தொடங்கியது. கேசரி கொஞ்சம் கூடுதலாக விழுந்தால் யாரும் கேட்பதில்லை. பரஞ்சோதி இலையில் நாலாவது பரோட்டா விழும்போது ஹோட்டல்காரர் சொல்வதும், கடையில் மேஜை மேல் இருக்கிற கடலைமிட்டாய் பாட்டில் சீக்கிரம் காலியாகும்போது அவர் மனைவி செண்பகம் சொல்வதும் ஒன்றேதான். குடிக்காத மனுஷன், கொஞ்சம் தின்னால்தான் என்ன.

கடையில் பரஞ்சோதிக்குச் சக்கரம் வைத்த நாற்காலி. வால்வு வேண்டுமா, காலால் ஓர் உந்து, நாற்காலி இடப்பக்க அலமாரிக்கு உருளும். பேரிங் வேண்டுமா, இன்னோர் உந்து. எதிர்ச் சாரியில் இருக்கும் டீக்கடைக்கு பைக்கில் போவார்.

இதில் சுகப்பட்டது தொடை. உடம்பிலேயே பெரிய வீடு அவனுடையது, சீனியை அதிகம் செலவழிக்க வேண்டிய வீடும் அதுதான். ஆனால் அவன் படுத்தால் எழுவதில்லை.

கணையம் என்று ஒருவர், இரைப்பைக்குப் பின்னால் குடியிருப்பவர், அதிகம் பேசாதவர். சாப்பாடு இறங்கினதும் தன் ஆள் இன்சுலினை அனுப்புவார். இன்சுலின் ரத்தத்தில் வந்த சீனியைச் சுமந்துகொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்ட வேண்டும். அதுதான் அவன் தொழில்.

ஒரு நாள் அவன் தொடை வீட்டைத் தட்டினான்.

"யாரு?"

"இன்சுலின். சீனி கொண்டாந்திருக்கேன்."

"நேத்து கொண்டாந்ததே கிடக்கு."

"நேத்தும் இதைத்தான் சொன்னீரு."

"நேத்தும் இவன் உக்காந்துதானய்யா இருந்தான். வேலை வந்தாத்தான செலவாகும். மதினிகிட்ட வச்சிட்டுப் போ, அவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

இன்சுலின் திரும்பிப் போய்க் கணையத்திடம் முறையிட்டான். கணையம் இன்னும் ஆள் அனுப்பினார். கும்பலாகப் போய்த் தட்டினார்கள். தொடை காதைப் பொத்திக்கொண்டு புரண்டு படுத்தான். கடைசியில் அத்தனை பேரும் சுமையோடு மதினி வாசலில் வந்து நின்றார்கள். வைங்க, பாத்துக்கிடுதேன் என்றாள் மதினி.

அவசரத்துக்குச் சீனி வைக்க அவளிடம் ஒரு சின்ன அறைதான் இருந்தது. அது நிரம்பிவிட்டது. மிச்சத்தை என்ன செய்வது? அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, சீனியைக் காய்ச்சிக் கொழுப்பாக்கி மூலையில் வைப்பது. வைத்தாள். கொஞ்ச நாளில் தொப்பையிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அங்கே இடமில்லையாம், பெல்ட்டில் புது ஓட்டை போட்டும் இடமில்லையாம். பாயும் தலையணையுமாக வந்த ஒரு கொழுப்பு வாசலிலேயே குழைந்தது.

"யக்கா, ஒரு ஓரமா உக்காந்துக்கிடுதேன். நான் இருக்கதே தெரியாது."

உண்மையில் தெரியவில்லைதான். மெத்துமெத்தென்று, சத்தம் போடாமல், கேட்டதற்கெல்லாம் சரிக்கா சரிக்கா என்றுகொண்டு இருந்தது. பிறகு அதன் தங்கை வந்தது. தங்கைக்கு நாத்தனார் வந்தாள். நாத்தனார் நடையை அடைத்துக்கொண்டு பாய் விரித்தாள்.

மதினிக்கு நடக்க வழி இல்லாமல் போனது. வேலை மந்தப்பட்டது. ஒரு நாள் இதயம் ஓடுகிற ஓட்டத்திலேயே குரல் கொடுத்தான். அவனுக்கு நின்று பேச நேரம் கிடையாது, எல்லாவற்றையும் துண்டு துண்டாகத்தான் சொல்வான்.

"மதினி. ஒங்க பக்கமிருந்து வாரது. ஒரே நெய்யா மெதக்கு. குழாயெல்லாம் இறுகுது. தள்ள முடியல."

அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். இனிமேல் பார்த்து அனுப்புவதாகச் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பினால் உள்ளே விருந்தாளிகளின் நெரிசலில் ஒரு சுவர் புண்பட்டுக் கன்றிப்போயிருந்தது. அவள் அதைப் பூசினாள். பூசின இடம் ஆறியது, ஆனால் பழைய மாதிரி மிருதுவாக இல்லை. நார் நாராக, தழும்பாக இறுகியது. இறுகின இடத்தில் அவளால் வேலை பார்க்க முடியாது. இப்படியே சுவர் சுவராகப் பூசிக்கொண்டு போனால் ஒரு நாள் வீடு முழுக்கத் தழும்பாகி, நிற்கக்கூட இடமிருக்காது என்று அவளுக்குப் புரிந்தது. அவள் போனால் குடும்பமே போய்விடும் என்பதும் புரிந்தது.

கணையம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவரும் களைத்துப்போயிருந்தார். எப்படியாவது இதை வெளியே தெரியப்படுத்த வேண்டும் என்றார். என்னால் மணியடிக்க முடியாதே என்றாள் அவள். பித்தம், மயக்கம், மஞ்சள் கண் என்று ஏதாவது ஒரு வழியில் காட்டு என்றார் அவர். அதெல்லாம் வருவதென்றால் அப்போது வீடு முக்கால்வாசி போயிருக்குமே என்றாள் அவள்.

பிறகு மதினி உண்மையான காரணத்தைச் சொன்னாள்.

"ஊரெல்லாம் வெண்கலம்னு சொல்லியாச்சு. இப்பப் போயி எனக்கு முடியலைன்னா அந்த மனுஷன் மொகத்தை எங்க கொண்டு வைப்பாரு?"

கணையம் பெருமூச்சு விட்டார். "ஒன்னைப் புகழ்ந்தே வாயை அடைச்சிட்டாங்க."

அந்த மாதம் மன்றம் ஓர் இலவச ஈரல் பரிசோதனை முகாம் வைத்தது. கல்யாண மண்டபத்தில் ஒரு கட்டில், ஒரு ஸ்கேன் மிஷின், மதுரையிலிருந்து வந்த டாக்டர் நிலோஃபர். ஊர்க் குடிகாரர்களை அவரவர் மனைவிமார்கள் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். பரஞ்சோதி தன் யோசனையாக ஒரு பெரிய டிவியைக் கட்டிலுக்கு மேலே மாட்டச் சொல்லியிருந்தார். தன் ஈரல் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று அவனவன் பார்த்தால்தான் புத்தி வரும் என்பது அவர் எண்ணம். டாக்டர் அதற்குச் சம்மதிக்கவில்லை. யாருடைய உடம்பையும் சந்தையில் காட்ட மாட்டேன் என்று சொல்லி ஒயரைப் பிடுங்கப் போனார். அதற்குள் லாரி செட்டில் மூட்டை தூக்கும் சுடலைமுத்து, லேசாகத் தள்ளாடியபடி, கூட்டத்துக்கு நடுவிலிருந்து குரல் கொடுத்தான்.

"அண்ணாச்சி மொதல்ல படுக்கட்டும். வெண்கலம் எப்படி இருக்கும்னு நாங்களும் பாத்துக்கிடுதோம்."

மண்டபம் சிரித்தது. பரஞ்சோதியும் சிரித்து, காட்டுங்கம்மா என்றார். அவரே சொன்னால் சரி என்று டாக்டரும் ஒயரை விட்டுவிட்டார். சட்டையைத் தூக்கிக்கொண்டு, வயிற்றை எக்கியபடி பரஞ்சோதி படுத்தார்.

உள்ளே மதினி பதறிவிட்டாள். இத்தனை காலத்தில் அவளை யாரும் நேரில் வந்து பார்த்ததில்லை. எழுந்திருங்க, எழுந்திருங்க, ஆள் வருது என்று விருந்தாளிகளை விரட்டினாள். யாரும் அசையவில்லை. ஸ்கேன் கருவியின் ஓசை விலாவுக்கு அடியில் நுழைந்து, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, பார்த்ததைப் பார்த்தபடி வெளியே போய்ச் சொல்லிவிட்டது.

டிவியில் வெள்ளை வெளேரென்று ஏதோ தெரிந்தது. ஒருவருக்கும் புரியவில்லை. வெளிச்சமா இருக்கே, நல்லாத்தான் இருக்கும் போல என்று யாரோ சொன்னார்கள். டாக்டர் மட்டும் கருவியை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார். பிறகு கையை நீட்டி டிவியை அணைத்தார். குனிந்து, பரஞ்சோதிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"சார், ஈரல்ல கொழுப்பு நிறையப் படிஞ்சிருக்கு. அங்கங்க இறுக ஆரம்பிச்ச மாதிரியும் தெரியுது."

"நான் குடிக்க மாட்டேம்மா."

"குடின்னு நான் சொல்லலையே சார். குடிக்காதவங்களுக்கும் வரும். இடுப்புச் சுற்றளவு, சீனி, பிரஷர், உக்காந்தே இருக்கறது. இதுவே போதும்."

ரத்தத்தில் சீனி கொஞ்சம் கூடுதல் என்று போன வருஷமே யாரோ சொன்னதைப் பரஞ்சோதி காதில் வாங்கியிருக்கவில்லை. இப்போது அதுவல்ல அவர் கவலை. அவர் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஈரல் கெட்டுப்போச்சுன்னா இந்த ஊர்ல அதுக்கு ஒரே அர்த்தம்தாம்மா. ஒளிஞ்சு ஒளிஞ்சு குடிச்சிருக்காம்பான். எங்கப்பன் பேரையும் சேத்து இழுப்பான். நல்லா இருக்குன்னு சொல்லிருங்க. நான் பொறவு பாத்துக்கிடுதேன்."

பொய் சொல்ல மாட்டேன் என்றார் டாக்டர். உண்மையையும் தான் சொல்லப் போவதில்லை, அது அவருடைய உடம்பு, அவர்தான் சொல்ல வேண்டும் என்றார். எடையை மெல்லக் குறைத்து, நடந்து, சீனியை விட்டால் இந்த ஈரல் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும், தழும்பு முற்றிவிட்டால் வராது என்றும் சொன்னார். எழுந்து நிற்கிறவரிடம் கடைசியாக ஒன்று கேட்டார்.

"ஊருக்கு ஒளிக்கணும்னா வீட்டுக்கும் ஒளிக்கணும். அப்புறம் தட்டுல வைக்கிறதை எப்படி சார் வேண்டாம்பீங்க?"

பரஞ்சோதி சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு மைக்குக்கு வந்தார். கூட்டம் காத்திருந்தது. செண்பகம் மண்டபத்தின் ஓரத்தில் கேசரி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று, கரண்டியைக் கையில் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூளையிலிருந்து ஒரே நேரத்தில் ரெண்டு வாக்கியம் கிளம்பி நாக்கிடம் வந்து சேர்ந்தது. ஒன்று அவனுக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், கைதட்டு நிச்சயம். இன்னொன்றை அவன் இதுவரை சொல்லிப் பார்த்ததே இல்லை. அவன் மனப்பாடத்தின் பக்கம் சாய்ந்தான். அண்ணத்தைத் தொட்டு நிமிர்ந்தான்.

இதயம் கீழே தடதடத்துக்கொண்டிருந்தான். கணையம் ஏதோ கத்தினார், அவர் குரல் அவ்வளவு தூரம் எட்டவில்லை. அப்போது மதினி, யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள், கீழேயிருந்து கேட்டாள்.

"கொழுந்தனாரே. எனக்கு வாய் கிடையாது. நீங்கதான்."

நாக்கு அப்படியே நின்றான். அவன் ருசித்துத் தள்ளினதெல்லாம் யார் வீட்டு வாசலில் போய் இறங்கியது என்று அவன் யோசித்ததே இல்லை. அவனுக்குத் தொண்டையோடு காரியம் முடிந்துவிடும். இப்போது அவன் மேலெல்லாம் உலர்ந்துபோனது. உலர்ந்தபடியே திரும்பி, மற்ற வாக்கியத்தை எடுத்தான்.

"என் ஈரல் நல்லா இல்லை. கொழுப்பு படிஞ்சிருக்காம்," என்றார் பரஞ்சோதி மைக்கில்.

சுடலைமுத்துதான் முதலில் வாயைத் திறந்தான். எந்தக் கடைச் சரக்கு அண்ணாச்சி என்று மரியாதையாகவே கேட்டான். சிரிப்பு வெடித்தது. கொழுப்பாம்ல, அது நமக்கு அப்பமே தெரியும் என்று பின்வரிசையில் ஒருவன் எடுத்துக் கொடுத்தான். அப்பன் புள்ளை தப்பாம என்று இன்னொரு குரல் ஆரம்பித்தது. பரஞ்சோதிக்குக் காது சிவந்தது. மைக்கை விட்டுவிட்டு இறங்கிவிடலாமா என்று கால்கள் கேட்டன. அவர் இறங்கவில்லை.

"சரக்கு நம்ம மன்றத்துக் கேசரிதான்," என்றார். "பரோட்டா. கடலைமிட்டாய். சக்கரம் வச்ச நாக்காலி. நான் குடிச்சதில்ல, அது எங்க அப்பா மேல சத்தியம். குடிக்கல, அதனால எனக்கு ஒண்ணும் வராதுன்னு நெனச்சுட்டேன். இந்த ஈரலைப் பத்தி ஊரெல்லாம் பேசுனேன். அது எப்படி இருக்குன்னு ஒரு நாளும் பாக்கல."

யாரும் கைதட்டவில்லை. இது எந்த மாதிரிப் பேச்சு என்று கூட்டத்துக்கு விளங்கவில்லை. முன்வரிசையில் தொப்பையைத் துண்டால் மூடியிருந்த மன்றத் தலைவர் துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார். செண்பகம் கரண்டியை அண்டாவுக்குள் போட்டுவிட்டு வேகமாக நடந்து வந்தாள். திட்டப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் டாக்டரிடம் போய், என்னென்ன சமைக்கணும்னு சொல்லுங்கம்மா என்று கேட்டுக்கொண்டு நின்றாள்.

சுடலைமுத்து தலையைச் சொறிந்தான். குடிக்காத ஆளுக்கே இந்த கதின்னா எனக்கு உள்ள என்ன கிடக்கோ என்று பக்கத்திலிருப்பவனிடம் முணுமுணுத்தான். பிறகு சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு, டிவி அணைந்துதான் இருக்கிறதா என்று ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கட்டிலில் ஏறிப் படுத்தான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள்.

பரஞ்சோதி ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் என்ன நினைத்தாரோ, எழுந்து நின்றுகொண்டார்.

உள்ளே தொடை முனகினான். என்ன, இப்பமே ஆரம்பிச்சாச்சா என்று கேட்டான். எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தட்டு வந்திருந்தது.

மன்றத்து ஆள் பழக்கத்தில் கொண்டுவந்துவிட்டார். கேசரி சூடாக இருந்தது. முந்திரி மேலே மினுங்கியது. நெய் தட்டின் விளிம்பு வரைக்கும் ஓடியது. பேசினது போகட்டும் அண்ணாச்சி, இன்னைக்கு ஒரு நாளைக்குச் சாப்பிடுங்க, நாளையிலேருந்து பாத்துக்கிடலாம் என்றார் அவர். நல்ல மனுஷர். அவர் குரலில் உண்மையான பிரியம் இருந்தது.

நாக்கில் எச்சில் ஊறி வழிந்தது. இரைப்பை தன்னை அறியாமல் ஒரு முறை உறுமினார். ஒரு தரம் கேட்டதே மதினிக்குப் பெரிய காரியம். வருவது வரட்டும் என்று, பழக்கத்தில், உள்ளே கிடந்த பாய்களை நகர்த்தி இடம் ஒதுக்கத் தொடங்கியிருந்தாள்.

"வேண்டாம்யா," என்றான் நாக்கு. "எடுத்துட்டுப் போயிருங்க."

தட்டு போய்விட்டது. மதினி பாயைப் பிடித்த கையோடு நின்றாள். வாசலில் எதுவும் வந்து இறங்கவில்லை. கொஞ்ச நேரம் அவளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

மேலே நாக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தான். வாழ்நாளில் எத்தனையோ ருசி பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு சொல்லை ருசித்ததில்லை, சொல்லி முடித்த பிறகும் விடாமல் கசக்கிறது மதினி என்று கீழே பார்த்துப் புலம்பினான்.

மதினி சிரித்துவிட்டாள். அந்தக் குடும்பத்தில் அவள் சிரித்து யாரும் கேட்டதில்லை.

"பித்தநீர் காய்ச்சுறவகிட்டயா கசக்குதுன்னு சொல்லுதீரு? பழகிரும் கொழுந்தனாரே."